பேப்பர் கப், வீட்டுப்பேர், ‘பாண்டி’: எல்லையோர ஊரில் நுண் அவமதிப்பு பற்றி வகுப்பு எடுப்பது எப்படி?

1 | கொழிஞ்சாம்பாறை வாசகசாலை

வணக்கமுங்க. எங்க ஊரு கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையோரம். குடும்பஸ்ரீ (கேரள அரசோட பெண்கள் சுயஉதவித் திட்டம்) அயல்கூட்டத்துப் பெண்கள், அங்கன்வாடி டீச்சர்கள், இளைஞர் மன்றத்துப் பசங்க எல்லாம் சேர்த்து 24 பேருக்கு ரெண்டரை மணி நேர வகுப்பு ஒண்ணு தயார் பண்ணிட்டு இருக்கோம். விஷயம், அன்றாடம் நடக்கிற சின்னச் சின்ன அவமதிப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கிற ப்ரிவிலேஜ், அதாவது சிலருக்குப் பிறப்பாலயே கிடைச்சிடற சௌகரியம்.

கைக்குக் கிடைக்கிற பாடமெல்லாம் அமெரிக்காவைப் பத்தி இருக்கு. இந்தக் கருத்துக்கு 1970-ல் ‘மைக்ரோஅக்ரெஷன்’னு (நுண் அவமதிப்பு) பேர் வெச்சவர் செஸ்டர் பியர்ஸ்ங்கிற கறுப்பின மனநல மருத்துவர். அந்த வரலாறு தெரிஞ்சிருக்கோணும், மறுக்கல. ஆனா வேலந்தாவளம் மார்க்கெட்ல தக்காளி கொட்டுற பெண்ணுக்கு அதை வெச்சு ஒண்ணும் புரியவைக்க முடியாது. நம்ம பக்கத்து உதாரணம் வேணும். என்ன பயிற்சி கொடுக்கலாம், எங்க சொதப்பும்னு சொல்லுங்க. அவங்கவங்க சொந்த அனுபவத்தை எழுத வேண்டாம், அதுக்குத் தனி இழை இருக்கு. வகுப்புல எடுத்து வைக்கிற மாதிரி இருந்தா போதும்.

2 | பீர்மேடு டீச்சர்

முதலில் மொழி. கேரளத் தமிழர்களுக்கு இது பழகிப்போன வலி என்பதால் வகுப்பு உடனே திறந்துகொள்ளும்.

தமிழரை இழிவாக அழைக்கும் ‘பாண்டி’ என்ற சொல்லை எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், திட்டாமலே குத்துகிற வார்த்தைகள். “கண்டால் தமிழன்னு தோணில்ல கேட்டோ” (பார்த்தால் தமிழன் என்று தோன்றாது, தெரியுமா) என்பது பாராட்டாகவே சொல்லப்படும். அதற்குள் இருப்பது, தமிழன் என்றால் பார்க்க எப்படியோ இருப்பான் என்கிற முடிவு. கேட்டவர் நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போவார். இந்தத் தடுமாற்றம்தான் நுண் அவமதிப்பின் அடையாளம். நேரடி வசவில் இந்தத் தடுமாற்றம் இருக்காது. வகுப்பில் இந்த வித்தியாசத்தை நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘நிங்ஙள்’. தமிழில் ‘நீங்கள்’ மரியாதை. அதே நினைப்பில் மலையாளத்தில் ஓர் அதிகாரியைப் பார்த்து ‘நிங்ஙள்’ என்றால் பல அலுவலகங்களில் அது திமிராகப் படும். அங்கே ‘சார்’ என்றுதான் எதிர்பார்ப்பார்கள். மரியாதை கொடுக்கப் போனவருக்கு முகச்சுளிப்பு கிடைக்கும், காரணம் கடைசி வரை தெரியாது. இதற்கு நல்ல எதிர் உதாரணமும் பாலக்காடு மாவட்டத்திலேயே உண்டு. மாத்தூர் பஞ்சாயத்து 2021-ல் ஊழியர்களை ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்கத் தேவையில்லை, பெயரையோ பதவியையோ சொன்னால் போதும் என்று முடிவெடுத்தது. மனுவில் ‘அபேக்ஷிக்குன்னு’ என்று இறைஞ்சும் சொல்லும் வேண்டாம், உரிமையாகவே கேட்கலாம் என்றது. ஒரு சொல்லை மாற்ற ஒரு பஞ்சாயத்துக் கூட்டம் போதும் என்று காட்ட இது உதவும்.

மூன்றாவது, முல்லைப்பெரியாறு செய்தி வருகிற நாள். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளையிடம் “உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?” என்று கேட்பார்கள். 1895-ல் கட்டிய அணைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். தேனி, கம்பம் பக்கம் கடை வைத்திருக்கும் மலையாளிக்கும் அன்றைக்கு இதே கேள்விதான், திசை மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வகுப்பு சண்டைக் கூட்டமாகிவிடும்.

3 | மாந்தோப்பு

டீச்சர் சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா நம்ம பாலக்காடு சித்தூர் தாலுக்காவுல மொழியை வெச்சு ஆரம்பிச்சா அங்கயே நின்னுபோகும். நம்ம ஊர்ல தமிழன்னா ஒரே ஆளு இல்லீங்க. தோட்டம் வெச்சிருக்கிற தமிழனும் இருக்கான், அந்தத் தோட்டத்துல மாங்கா பறிக்கிற தமிழனும் இருக்கான்.

முதலமடை கோவிந்தாபுரத்துல அம்பேத்கர் காலனி சக்கிலியர் குடும்பங்கள் டீக்கடையில தனி கிளாஸ், குடிதண்ணிக்குத் தனி வரிசைன்னு 2017-ல் வெளிப்படையா சொன்னாங்க, கேரளம் முழுக்கச் செய்தியாச்சு. அங்க ஒதுக்கினதா சொல்லப்பட்டவங்கள்லயும் தமிழ் பேசறவங்க இருந்தாங்க. தாலுக்கா ஆபீஸ்ல ‘பாண்டி’ன்னு கேட்டு நொந்துபோற அதே ஆளு, சாயங்காலம் தோட்டத்துல அறுபது வயசுக்காரரை “வாடா”ங்கிறாரு. அவரோட பத்து வயசுப் பையனும் “டேய்”ங்கிறான். பதிலுக்கு அந்தப் பெரியவர் பையனைச் “சின்னவரே”ங்கிறாரு. இதை யாரும் அவமதிப்புன்னு எண்றதே இல்ல, பழக்கம்ங்கிறாங்க. வகுப்புல முதல் உதாரணமா இதைத்தான் வெக்கோணும்.

இன்னொண்ணு சில்லறை. நேரா கையில வெக்காம, உள்ளங்கைக்கு ஒரு சாண் மேல இருந்து போடறது. இல்லாட்டி மேசையில வெச்சுத் தள்ளறது. ரெண்டு ரூவா காசு விழற சத்தத்துல இருக்குங்க மொத்த விஷயமும்.

4 | கொழிஞ்சாம்பாறை வாசகசாலை

மாந்தோப்பு அண்ணே, இப்பத் தனி கிளாஸ்னு கேட்டா யாருமே ஒத்துக்க மாட்டாங்க. “கொரோனாவுல இருந்து பேப்பர் கப்புதான்”னு சொல்லிடறாங்க. அதை எப்படிப் பிரிச்சுக் காட்டறது?

5 | மாந்தோப்பு

எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும். காலையில 6-லிருந்து 7 வரைக்கும், வேலைக்குப் போற கூட்டம் வர்ற நேரம். ரெண்டு பேரு தனித்தனியா, வேற வேற நாள்ல, மொத்தம் மூணு நாள். குறிக்க வேண்டியது அஞ்சு: கிளாஸா பேப்பர் கப்பா, கேட்டு வாங்கினதா தானா வந்ததா, உள்ள பெஞ்சுல உக்காந்தாரா வெளிய நின்னாரா, குடிச்ச கிளாஸை யாரு கழுவினது, சில்லறை கையிலயா மேசையிலயா. பேரோ ஜாதியோ எழுதக் கூடாது, நோட்டு வேற கையில சிக்கினா வம்பு.

பார்சல் வாங்கறவங்க, பஸ்ஸுக்கு ஓடறவங்க பேப்பர் கப்பு வாங்குவாங்க, அவங்களைக் கழிச்சிரோணும். உக்காந்து நிதானமா குடிக்கிறவங்கள்ல யாருக்குக் கேக்காமயே பேப்பர் கப்பு வருதுன்னு பாருங்க. எல்லாருக்கும் பேப்பர் கப்புன்னு மாத்தின கடையில கப்பை விட்டுட்டு பெஞ்சைப் பாக்கோணும். கப்பு ஒண்ணாயிட்டா பிரிவினை பெஞ்சுக்கு நகரும், பெஞ்சும் ஒண்ணாயிட்டா சில்லறைக்கு நகரும்.

6 | வழக்காடி

வகுப்பில் யாராவது “இதுக்குக் கேஸ் போட முடியுமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். தவறான பதில் சொன்னால் ஒருவர் வேலையை இழப்பார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘பாண்டி’ என்று சொன்னதற்காக மட்டும் போட ஒரு தனிச் சட்டம் கிடையாது. மொழி இழிவு அலுவலகத்தில் நடந்தால் மேலதிகாரிக்கு எழுத்துப் புகார்தான் வழி. அதைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகத்துக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். “மலையாளத்துல எழுதிட்டு வா” என்று திருப்பி அனுப்பினால், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். அதையும் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

டீக்கடை வேறு. 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. தீண்டாமையின் பேரில் கடைக்குள் விடாதது, ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தராதது, கிணறு குழாயில் தடுப்பது எல்லாம் குற்றம். தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். அபராதம் சின்னது என்று ஒதுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரில்தான் செய்தார் என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது மற்றவர் பொறுப்பு. அது பிரிவு 12.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இங்கே மூன்று இடத்தில் தடுக்கும். ஒன்று, ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடம்’ என்ற நிபந்தனை. நாலு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. இரண்டு, குற்றம் சாட்டப்படுகிறவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. பட்டியலுக்குள்ளேயே ஒரு சாதி இன்னொன்றைத் தள்ளி வைத்தால் 1955 சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். மூன்று, விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது. கீழே உள்ளவர் விசாரித்து முடித்த வழக்கு பின்னால் ஆட்டம் காணும்.

எழுதி வைக்கும்போது சொன்ன வார்த்தையைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். மலையாளத்தில் சொன்னதைத் தமிழாக்கி “கேவலமாகப் பேசினார்” என்று எழுதினால் அந்தத் தாள் வீண். தேதி, நேரம், இடம், கேட்டவர்கள் யார் என்பதை அன்றைக்கே எழுத வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(4) அதற்குத்தான்.

7 | நகரி தறி

ஆந்திரா பக்கத்தையும் சேத்துக்கணும். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி இந்தப் பக்கம் வந்துச்சு. நகரி, புத்தூர், அந்தப் பக்கத்துச் சித்தூர் எல்லாம் ஆந்திராவுலயே நின்னுடுச்சு. வீட்டுக்கு வீடு ரெண்டு பாஷையும் ஓடற ஊருங்க.

அங்க வார்த்தை ‘அரவம்’. இதுல அவசரப்படக் கூடாது. பழைய தெலுங்குப் பெரியவங்களுக்கு அது தமிழோட பேரு, அவ்வளவுதான், குத்தறதுக்குச் சொல்றதில்ல. அதையே ஸ்கூல்ல ஒரு பையன் பேச்சை இழுத்து நடிச்சுக் காட்டிச் சொன்னா அது வேற. சொல்லை மட்டும் பட்டியல் போட்டுத் தடை பண்ணாதீங்க. யாரு, யார்கிட்ட, எந்தத் தொனியில, பக்கத்துல யாரு இருக்கறப்போன்னு நாலையும் சேத்துக் கேளுங்க. நம்ம பக்கம் தெலுங்குக்காரங்களை ‘கொல்டி’ன்னு சொல்றோமே, அதுக்கும் இதே நாலு கேள்விதான். அந்தக் கேள்வியில ‘கொல்டி’ தப்பிக்காது, ஏன்னா அதுக்கு மரியாதையான புழக்கமே கிடையாது.

தெலுங்குல ‘நுவ்வு’ (நீ), ‘மீரு’ (நீங்க)ன்னு ரெண்டு இருக்கு. தெலுங்கு அரைகுறையா தெரிஞ்ச தமிழாளு பெரியவரைப் பாத்து ‘நுவ்வு’ன்னுட்டா அது பாஷைத் தப்பு, ரெண்டு மாசத்துல சரியாயிடும். தெலுங்கு நல்லாத் தெரிஞ்சவரு ஊருக்கெல்லாம் ‘மீரு’ போட்டுட்டு, சேரிக்காரருக்கு மட்டும் ‘நுவ்வு’ன்னா அது தப்பா வந்த வார்த்தை இல்ல. வகுப்புல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, ஜனங்க டக்குனு புரிஞ்சுப்பாங்க.

8 | கோட்டையூரான்

மன்னிக்கணும். இதெல்லாம் பேச்சு வழக்குதானே? ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்படிப் பார்த்தால் ஊரில் யாரும் யாரிடமும் பேச முடியாது.

9 | பீர்மேடு டீச்சர்

நியாயமான கேள்வி, வகுப்பிலும் வரும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சின்னதுதான். அதனால் ஒரு வார்த்தையை எடுத்து வாதாடாமல் ஒரு பிள்ளையின் ஒரு நாளை எடுங்கள்.

காலையில் ஸ்கூல் ஃபாரத்தில் ‘வீட்டுப்பேர்’ என்று ஒரு கட்டம். மலையாளக் குடும்பங்களுக்குத் தலைமுறையாக ஒரு பெயர் இருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு லைன் நம்பர்தான் இருக்கும். எழுதாமல் விட்டால் “வீட்டுப்பேரில்லே?” என்று கேட்பார்கள். இதே கட்டம்தான் நாசூக்காகச் சாதி கேட்கும் இடமும். பெயரை வைத்துத் தெரியாததை வீட்டுப்பேரை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். தமிழ்ப் பக்கம் இதே வேலையை “எந்தத் தெரு?” என்ற கேள்வி செய்கிறது.

பத்து மணிக்கு இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைப் பட்டியல் வரும். “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பு நடுவில் சொன்னால், அதுவரை தெரியாத முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். சொன்னவர் மனதில் கெட்ட எண்ணமே இல்லை, பணம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார். தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை சாதி வெளியே தெரியும்படி மாணவர்களை வகுப்பில் அழைக்கக் கூடாது என்கிறது. நடைமுறைக்கு எளிய வழி: பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, வேறு பத்துச் சீட்டுகளோடு கலந்து, “ஆபீஸ் ரூமுக்கு வரவும்” என்று மட்டும் கொடுத்தனுப்புவது. ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

மத்தியானம் சாதிச் சான்றிதழ். 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்குத் தாள் கேட்பார்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறை வேலை செய்தவர்களிடம் பட்டா இருக்காது. பழைய தோட்டப் பதிவேடு, தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று தேட வேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர் “உங்களுக்கென்ன, கோட்டா இருக்கே” என்பார்.

நாலு மணிக்குள் இத்தனை. கோட்டையூரான் ஐயா கேட்ட “ஒரு வார்த்தைதானே” என்ற கேள்வி, ஒரு நாளில் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்கிறவருக்குத் தோன்றுவது. வகுப்பில் யாரையும் குற்றவாளி ஆக்காமல் ப்ரிவிலேஜைச் சொல்ல இதைவிட எளிய வழி தெரியவில்லை.

10 | கோட்டையூரான்

அந்த இ-கிராண்ட்ஸ் விஷயம் யோசிக்க வைக்கிறது டீச்சர். எழுந்து நிற்கச் சொல்வதில் தவறிருக்கும் என்று நினைத்ததில்லை.

11 | புளியங்கொட்டை

பயிற்சி முறை கேட்டிருந்தீர்கள். வரிசையாக நிற்கவைத்து “அப்பா பட்டதாரின்னா ஒரு அடி முன்னால வாங்க” என்று நடத்தும் விளையாட்டு பல கைப்புத்தகங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கிராமத்தில் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக உண்டானது அது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், கடைசி வரிசையில் யார் நிற்பார் என்று ஆரம்பிக்கும் முன்பே தெரியும். அவரைப் பகிரங்கமாக நிறுத்தி வைத்து மற்றவர்கள் பாடம் படிப்பது இன்னோர் அவமதிப்பு.

பதிலுக்கு இது. ஆளுக்கு 10 புளியங்கொட்டை, 10 மொச்சை. பத்து வாக்கியம் படிக்கப்படும். ‘எனக்கு இது பொருந்தும்’ என்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் மொச்சை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மஞ்சப்பை ஒன்று சுற்றி வரும், கையை மூடி உள்ளே விட்டுப் போட வேண்டும். எவர்சில்வர் சொம்பு வேண்டாம், விழும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். மொச்சைக்குப் பதில் சோளம் எடுத்தாலும் தப்பு, முஷ்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண்ணுவது ஊருக்கு வெளியிலிருந்து வந்த இருவர். போர்டில் ‘24-ல் 9’ என்று மட்டும் எழுதுங்கள். ஏதாவது ஒரு பக்கம் நான்குக்குக் கீழே போனால் எண்ணிக்கையையே எழுதாதீர்கள், ‘ஏறக்குறைய எல்லாரும்’ அல்லது ‘ஏறக்குறைய யாரும் இல்லை’ போதும். 24-ல் 1 என்றால் அந்த ஒருவரை ஊரே திரும்பிப் பார்க்கும்.

வாக்கியங்கள் இந்த வகையில் இருக்கட்டும்: ‘எங்க அப்பாவைச் சின்னப் பையன் யாரும் வாடான்னு கூப்பிட்டதில்ல.’ ‘டீக்கடையில எந்த கிளாஸ் வரும்னு யோசிச்சதில்ல.’ ‘ஆபீஸ் போர்டைப் படிக்க இன்னொருத்தரைக் கேட்டதில்ல.’ ‘வீடு வாடகைக்குக் கேக்கும்போது என்ன சாப்பிடுவீங்கன்னு யாரும் கேட்டதில்ல.’ ‘முகவரி சொல்லும்போது குரலைத் தாழ்த்தினதில்ல.’ எல்லாமே ‘இல்ல’ என்று முடிவதைக் கவனியுங்கள். வலியைச் சொல்லச் சொன்னால் வாய் திறக்காது. யோசிக்கவே தேவைப்படாத இடம் யாருக்கு இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

முகவரி வாக்கியத்தின்போது ஒரு தகவல் சேர்க்கலாம். ‘காலனி’ என்ற சொல்லைக் கைவிட்டு நகர், உன்னதி, ப்ரக்ருதி போன்ற பெயரோ, அங்கே வாழ்கிறவர்கள் விரும்பும் பெயரோ வைக்கலாம் என்று 2024 ஜூனில் கேரள அரசு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ‘காலனி’யை அரசுப் பதிவிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. பலகை மாறினாலும் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) பழைய முகவரியே டைப் ஆகும். அச்செடுக்கும் முன் திரையைப் பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

12 | மாந்தோப்பு

கொட்டை முறை அருமைங்க. வரிசையைப் பத்தி மட்டும் ஒண்ணு. ஜாதி வாக்கியத்தை முதல்ல வெச்சு, மொழி வாக்கியத்தைக் கடைசியில வெய்யுங்க. மாத்தி வெச்சா, தோட்டக்காரரு “நாங்களும் பாண்டின்னு பேச்சு வாங்கினவங்கதானே”ன்னு பாதிக்கப்பட்டவரோட நாற்காலியிலயே உக்காந்துக்குவாரு.

13 | பீர்மேடு டீச்சர்

ஜாதியை முதலில் வைத்தால் பாதிப் பேர் டீ இடைவேளையோடு எழுந்து போய்விடுவார்கள் அண்ணே. மொழியில் பட்ட வலியைத் தொட்ட பிறகு கேட்டால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள். உங்கள் பயமும் நியாயம்தான், அதற்காகத்தான் மொழிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறேன்.

14 | வழக்காடி

நேரில் பார்க்கிறவர் என்ன செய்யலாம் என்பதையும் சேருங்கள். டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப் வந்தால் “எனக்கும் அதுலயே குடுங்க” என்று கேட்பது. சண்டை இல்லை, கடைக்காரருக்கு மட்டும் புரியும். ஆனால் அந்த மனிதரின் பெயரில் நீங்களாகவே குரல் எழுப்பாதீர்கள். அவர் கடைக்காரரின் சொந்தக்காரர் தோட்டத்திலேயே கூலிக்குப் போகிறவராக இருக்கலாம், திங்கட்கிழமை வேலை இருக்காது. முதலில் அவரைத் தனியாகக் கேளுங்கள்.

தவறு செய்தவர் நாமென்று யாராவது சொன்னால், “அப்படி நினைச்சுச் சொல்லல” என்று தொடங்க வேண்டாம். “தப்புதான், இனிமே சொல்லல” போதும். மன்னிப்புக் கேட்கிறேன் என்று பத்து நிமிடம் பேசினால், அவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

15 | கொழிஞ்சாம்பாறை வாசகசாலை

எல்லாருக்கும் நன்றிங்க. 240 புளியங்கொட்டை, 240 மொச்சை, மஞ்சப்பை ஒண்ணு. ஜாதி வாக்கியம் ஆறு, மொழி ரெண்டு, வாடகையும் முகவரியும் ஒவ்வொண்ணு. வரிசை விஷயத்துல ரெண்டு பேரு சொல்றதும் சரியாப் படறதுனால, மொழி ஒண்ணை முதல்லயும் இன்னொண்ணைக் கடைசியிலயும் வெச்சுப் பாக்கறோம். எண்ணறதுக்கு வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு வேணும், தமிழும் மலையாளமும் தெரிஞ்சிருக்கோணும். கொல்லங்கோடு, நெம்மாறை பக்கம் யாராச்சும் வர முடியும்னா தனிச் செய்தி அனுப்புங்க.